பின்கண்ணாடியில் படியும் பனி



பனி என்னும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் நான்கு பொருள்களைச் சமாளித்து வருகிறோம். விடியற்காலையில் புல் நுனியில் முத்தாக நிற்பது பனி. மலைச் சாரலை மூடி வழியை மறைப்பதும் பனி. மார்கழியிலும் தையிலும் உதகமண்டலத்துப் புல்வெளியில் உப்பைத் தூவினாற்போல உறைந்து கிடப்பதும் பனி. இமயத்தின் முடியில் குன்று குன்றாகக் குவிவதும் பனிதான். ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்த நம் முன்னோர் அவற்றுள் இரண்டுக்கு முன்பனி என்றும் பின்பனி என்றும் பெயரிட்டனர். வெயிலில் வெந்த மக்கள்தாம் அவர்களும். எனினும் பனியை அவர்கள் கூர்ந்து கவனித்திருக்கிறார்கள்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஐந்தாவது பனி. அது மோட்டார் காரின் பின்பக்கக் கண்ணாடியில் படிவது. அதைப் போக்குவதற்காக அக்கண்ணாடியில் பழுப்பு நிறத்தில் இழை இழையாகச் சில கோடுகள் வரையப்பட்டிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பலர் அதனை அலங்காரம் என்று எண்ணுகின்றனர். அக்கோடுகளுக்குப் பின்னே இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. அதில் ஒரு நோயாளி மருத்துவரும், ஒரு சாராய ஆலைக்காரரின் மகனும், கஞ்சிப் பசைபோன்ற வெள்ளிக் குழம்பும் வருகின்றன.

வரலாற்றுக்கு முன்னால் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சேலம் நகரம் கடல் மட்டத்துக்கு மேல் 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், சேர்வராயன் மலைமேல், 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு. அடிவாரத்தைத் தாண்டியதும் இருபது கொண்டை ஊசி வளைவுகள். 1820-களில் சேலத்துக் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர் இம்மலையில் காபிப் பயிரைக் கொண்டுவந்தார் என்பது ஏற்காட்டு வரலாற்றின் தொடக்கப் பாடம். காபியும், அதற்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களும், அம்மரங்களைத் தழுவி ஏறும் மிளகுக் கொடியுமாக இருக்கும் அந்த மலையில் உள்ள சிற்றூர்களுள் ஒன்று மஞ்சக்குட்டை. மஞ்சு என்பது தமிழில் மேகத்துக்கும் வெண்பனி மூட்டத்துக்கும் பெயர். ஊர்ப் பெயரின் மூலம் எதுவாகவேனும் இருக்கட்டும். ஐப்பசி கார்த்திகை மாலைகளில் அங்கே நின்றால், பெயர் பொருந்திவிட்டது என்றுதான் எவருக்கும் தோன்றும்.

அவ்வூரை ஒட்டிய தோட்டச் சாலைகள் குறுகலானவை. எதிரே ஒரு ஜீப்போ லாரியோ வந்துவிட்டால் இருவரில் ஒருவர் பின்வாங்கியே ஆகவேண்டும். மலைச் சாலையில் ஏறி வருபவருக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும் என்பது விதி. ஆகவே இறங்குகின்றவர் தம் காரைப் பின்னோக்கி, அதுவும் மேட்டின்மேல், சற்று அகன்ற இடம் வரும்வரை செலுத்த வேண்டியிருக்கும். ஒருபுறம் மலைச் சுவர். மறுபுறம் காபிச் செடிகளுக்குக் கீழே பள்ளம். இந்த நேரத்தில் பின்கண்ணாடி பால் தடவினாற்போல வெளுத்திருந்தால் என்ன ஆகும்? பத்து அடி பின்னால் பள்ளிவிட்டு வரும் குழந்தை நிற்கிறதா, சாலை வளைகிறதா, சாலையே முடிந்துவிட்டதா என்பது தெரியாது. நான் பலமுறை அச்சாலையில் பின்னிருக்கையில் அமர்ந்து, கைக்குட்டையால் அந்தக் கண்ணாடியைத் துடைக்கும் பணியைச் செய்திருக்கிறேன். துடைத்து முடித்த அரை நிமிடத்தில் மீண்டும் வெளுக்கும். துணியால் தீராத இந்தச் சிக்கல்தான் நம் வரலாற்றின் கரு.

முதலில், அந்த நீர் எங்கிருந்து வருகிறது? மழை வெளியே பெய்கிறது. கண்ணாடிகள் இறுக மூடப்பட்டிருக்கின்றன. இருந்தும் ஈரம் கண்ணாடியின் உட்புறத்தில் இருக்கிறது. விடை எளிது: நாமே கொண்டுவருகிறோம். ஒவ்வொரு மனிதனும் மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் மணிக்கு 30 முதல் 40 கிராம் வரை நீரை ஆவியாக வெளிவிடுகிறான். நால்வர் அமர்ந்த காரில் கால் மணி நேரத்துக்குள் 30 கிராமுக்குக் குறையாத நீர் காற்றில் கலந்துவிடும். நனைந்த குடையும், சேறு படிந்த செருப்பும், ஈரத்துண்டும் இருந்தால் கணக்கு இன்னும் கூடும்.

காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பது அதன் வெப்பநிலையைப் பொறுத்தது. ஒரு கனமீட்டர் இடத்தில், 30 டிகிரி சென்டிகிரேடில் ஏறக்குறைய 30 கிராம் நீராவி இருக்கலாம். 20 டிகிரியில் 17 கிராம்தான். 15 டிகிரியில் 13 கிராம். 10 டிகிரியில் 10 கிராமுக்கும் குறைவு. ஒரு சிறிய காரின் உள்ளிடம் ஏறத்தாழ 3 கனமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழைநாள் மாலையில் ஏற்காட்டுக் காற்று 15 டிகிரியில் இருந்தால், அந்த உள்ளிடம் முழுவதும் தாங்கக்கூடிய நீராவி 39 கிராம். அதில் பெரும்பகுதி முன்னமே நிரம்பியிருக்கும். இதன்மேல் நால்வரின் மூச்சையும் சேர்த்தால், மிகுந்தது எங்கேயாவது இறங்கித்தானே ஆகவேண்டும்? உள்ளே இருப்பவற்றுள் மிகக் குளிர்ந்த பரப்பு எதுவோ அதன்மேல் அது இறங்குகிறது. அந்தப் பரப்பு கண்ணாடி.

இவ்வளவையும் இன்று நான் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். ஆனால் 1800-ஆம் ஆண்டில் ஐரோப்பாவின் அறிஞர்களுக்கே இது தெளிவாகத் தெரியாது. பனித்துளி வானத்திலிருந்து விழுகிறது என்று ஒரு சாரார் கூறினர். அன்று, நிலத்திலிருந்து எழுகிறது என்று மற்றொரு சாரார் வாதிட்டனர். நம் ஊரில் இன்றும் "பனி பெய்கிறது" என்றுதானே சொல்கிறோம்? தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே போகச் சொல்லும் பாட்டிமார் அனைவரும் முதற் கட்சியைச் சேர்ந்தவர்கள்.

இவ்வழக்கைத் தீர்த்தவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்னும் மருத்துவர். அமெரிக்காவில் சார்ல்ஸ்டன் நகரில் 1757-இல் பிறந்து, லண்டனில் தொழில் நடத்தியவர். உடல்நலம் குன்றியவர். அப்படிப்பட்டவர் குளிர்ந்த இரவுகளில் ஒரு தோட்டத்தில் விழித்திருந்து செய்த சோதனை எத்தகையது தெரியுமா? கம்பளி மயிரைச் சம எடையுள்ள சிறு சிறு பொதிகளாக நிறுத்து, ஒன்றைத் திறந்த வெளியிலும், ஒன்றை ஒரு பலகையின் மேலும், இன்னொன்றை அப்பலகையின் கீழும் வைத்தார். விடியலில் எடுத்து மீண்டும் நிறுத்தார். பலகைக்கு மேலிருந்த பொதி மிகுந்த நீரைப் பருகியிருந்தது. கீழிருந்த பொதியில் அத்தனை நீர் இல்லை. பனி நிலத்திலிருந்து எழுவதாயின் கீழ்ப்பொதி அன்றோ நனைந்திருக்க வேண்டும்? சரி, வானத்திலிருந்து விழுகிறது என்று முடிவு கட்டலாமா? வெல்ஸ் அங்கே நிற்கவில்லை. வெப்பமானியைக் கொண்டு பார்த்தபோது, வானத்தை நோக்கித் திறந்து கிடக்கும் பொருள்கள் தம்மைச் சூழ்ந்த காற்றைக் காட்டிலும் குளிர்ந்திருப்பதைக் கண்டார். மேகமற்ற இரவில் புல்லும் கம்பளியும் கண்ணாடியும் தம் வெப்பத்தை வான்வெளிக்கு வீசிவிட்டுக் குளிர்கின்றன. குளிர்ந்தபின், தம்மைத் தொடும் காற்றிலுள்ள ஆவியை நீராக்கிக்கொள்கின்றன. முதலில் குளிர்ச்சி, அதன் பிறகே பனித்துளி என்று 1814-இல் அவர் வெளியிட்ட கட்டுரை நிறுவியது. பனி விழவும் இல்லை, எழவும் இல்லை. இருந்த இடத்திலேயே பிறக்கிறது.

இந்தச் சோதனையை நீங்கள் செலவின்றி மஞ்சக்குட்டையில் செய்து பார்க்கலாம். மழையற்ற தை மாதத்து இரவில் இரண்டு கார்களில் ஒன்றை வெட்டவெளியிலும் மற்றொன்றைச் சில்வர் ஓக் மரத்தின் அடர்ந்த கிளைகளுக்குக் கீழும் நிறுத்துங்கள். காலையில் வெளியில் நின்றதன் கூரையும், சாய்வான முன் பின் கண்ணாடிகளும் நனைந்து சொட்டும். மரத்தடியில் நின்றது ஏறக்குறைய உலர்ந்திருக்கும். மரத்தின் கிளைகள்தாம் வெல்ஸின் பலகை. ஒரே காரிலும், வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கும் கண்ணாடி நனைகிற அளவுக்குச் செங்குத்தாக நிற்கும் பக்கக் கண்ணாடி நனைவதில்லை. அழகுக்காகவும் காற்றைக் கிழித்துச் செல்வதற்காகவும் பின்கண்ணாடியை மேலும் மேலும் சாய்த்துக்கொண்டே வந்த கார்த் தொழில், பனியை விருந்துக்கு அழைத்தது என்றே சொல்லவேண்டும்.

வெல்ஸின் கட்டுரை வெளிவந்த ஆறாம் ஆண்டில், அதாவது 1820-இல், ஜான் ஃபிரெடரிக் டேனியல் என்னும் ஆங்கிலேயர் பனிநிலையை அளக்கும் கருவியொன்றைச் செய்தார். வளைந்த குழாயால் இணைக்கப்பட்ட இரு கண்ணாடிக் குமிழ்கள். ஒன்றனுள் ஈதர் என்னும் விரைந்து ஆவியாகும் திரவமும் ஒரு வெப்பமானியும் இருக்கும். மற்றொரு குமிழை மெல்லிய துணியால் சுற்றி அதன்மேல் ஈதரைச் சொட்டினால் அது குளிரும். உள்ளிருக்கும் ஈதர் ஆவி அங்கே வந்து ஒடுங்கும். அதனால் முதற்குமிழிலிருந்து ஈதர் மேலும் மேலும் ஆவியாகி, அக்குமிழும் படிப்படியாகக் குளிரும். ஒரு கட்டத்தில் அதன் வெளிப்புறத்தில் மூச்சு விட்டாற்போல ஒரு மங்கல் தோன்றும். அந்தக் கணத்தில் வெப்பமானி காட்டும் எண்தான் பனிநிலை. அதற்கு மேல் இருக்கும் எந்தப் பரப்பும் உலர்ந்திருக்கும். அதற்குக் கீழ்ப்பட்ட எந்தப் பரப்பும் நனையும். காரின் பின்கண்ணாடி, நாம் கேட்காமலே நமக்குப் பனிநிலையைக் காட்டும் டேனியலின் குமிழ். பனிநீக்கியின் கடமையும் இப்போது விளங்கும். கண்ணாடியைச் சுட வைக்க வேண்டியதில்லை. பனிநிலைக்கு மேலே சில டிகிரி உயர்த்திவிட்டால் போதும்.

வரலாறு சில சமயம் நாவலாசிரியரைப்போலக் கணக்காக நடந்துகொள்கிறது. இதே டேனியல் 1836-இல், நின்று நிலைத்து ஒரே சீராக மின்சாரம் தரும் மின்கலம் ஒன்றைச் செய்தார். பள்ளிப் பௌதிக நூல்களில் டேனியல் மின்கலம் என்று நீங்கள் படிப்பது அதைத்தான். பனியை அளந்தவரும், பனியை ஓட்டும் ஆற்றலை ஊற்றெடுக்கச் செய்தவர்களுள் ஒருவரும் ஒரே மனிதர். இரண்டையும் ஒரு கண்ணாடியில் சேர்த்துவைக்கும் எண்ணம் அவருக்கு வர நியாயமில்லை. 1845-இல் அவர் மறைந்தபோது மோட்டார் கார் என்று ஒன்று இல்லை.

1827-இல் ஜெர்மானியரான ஓம் மின்னோட்டத்துக்கும் மின்தடைக்கும் உள்ள உறவை வகுத்தார். மான்செஸ்டர் அருகே சாராய ஆலை வைத்திருந்தவரின் மகன் ஜூல், மின்சாரம் ஓடும் கம்பி எவ்வளவு சூடேறும் என்பதை 1841-இல் கணக்காக்கினார். மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் வெப்பம் என்பது அவர் கண்ட விதி. தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் இவ்விரு விதிகளையும் ஒரு பின்கண்ணாடியில் வைத்துப் பார்ப்போம்.

கண்ணாடியில் 12 கோடுகள். ஒவ்வொன்றின் மின்தடையும் 12 ஓம். காரின் பாட்டரி 12 வோல்ட். கண்ணாடியின் இடப்பக்கமும் வலப்பக்கமும் செங்குத்தாக ஓடும் இரண்டு பட்டைகளில் எல்லாக் கோடுகளின் முனைகளும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அதாவது கோடுகள் பக்க இணைப்பில் உள்ளன. ஒவ்வொரு கோட்டிலும் 1 ஆம்பியர் ஓடும். ஒவ்வொன்றும் 12 வாட் வெப்பம் தரும். மொத்தம் 144 வாட். இனி, அதே கோடுகளைப் பாம்புபோல வளைத்து ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர் இணைப்பில் சேர்த்திருந்தால்? மின்தடை 144 ஓம் ஆகிவிடும். மொத்தக் கண்ணாடிக்கும் கிடைப்பது 1 வாட். ஒரு மின்மினி விளக்கின் சூடு! அதோடு ஓரிடத்தில் கோடு அறுந்தால் முழுதும் இறந்துவிடும். பக்க இணைப்பிலோ அறுந்த கோடு மட்டுமே ஓயும். மற்றவை தம் வேலையைச் செய்யும். பள்ளிக்கூடத்தில் இரு வகை இணைப்பையும் கரும்பலகையில் வரைந்து சலித்த ஆசிரியர்கள், ஒரு காரை மைதானத்தில் நிறுத்திக் காட்டிவிடலாம்.

144 வாட்டால் என்ன செய்ய முடியும்? அரைச் சதுர மீட்டர் பரப்பும் 4 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள கண்ணாடி 5 கிலோ எடை இருக்கும். அதை 8 டிகிரி உயர்த்த ஏறக்குறைய 32,000 ஜூல் வேண்டும். அதன்மேல் 10 கிராம் நீர் படிந்திருந்தால், அதை ஆவியாக்க மேலும் 25,000 ஜூல். இரண்டையும் கூட்டி 144-ஆல் வகுத்தால் ஏழு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. வெளிக்காற்று திருடிக்கொள்ளும் வெப்பத்தையும் சேர்த்தால் இன்னும் சிறிது நேரம். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தானே அணைந்துவிடும்படி பல கார்களில் இச்சாதனத்தை அமைத்திருப்பதன் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது. முதலில் கோட்டையொட்டி நூல் நூலாகத் தெளிவு பிறக்கும். பிறகு அத்தெளிவுகள் அகன்று ஒன்றோடொன்று கூடும். ஒருமுறை பொறுமையாக உட்கார்ந்து பாருங்கள். நேரம் போவதே தெரியாது.

விதிகள் 1841-இலேயே கையில் இருந்தனவே, பிறகு கண்ணாடிக்கு மின்சாரம் வர ஏன் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று? தொடக்கக் காலக் கார்களுக்குப் பின்கண்ணாடியே கிடையாது என்பது முதற் காரணம். அவை திறந்த வண்டிகள். மழைக்கும் குளிருக்கும் ஓட்டுபவர் நனைந்தார், விறைத்தார். கண்ணாடி மங்குகிறது என்ற குறை மட்டும் அவருக்கு இல்லை. முன்கண்ணாடியைத் துடைக்கும் கருவிக்கு அமெரிக்கப் பெண்மணி மேரி ஆண்டர்சன் 1903-இல் உரிமம் பெற்றார். அது வெளிப்புறத்து மழைக்கு மருந்து. 1920-களில் நாற்புறமும் மூடிய கார்கள் பெருகிய பின்னரே உட்புறத்து ஈரம் ஒரு நோயாயிற்று.

குளிர்நாட்டார் பல கைவைத்தியங்களைச் செய்தனர். கண்ணாடியின் மேல் இடைவெளிவிட்டு மற்றொரு மெல்லிய கண்ணாடியை ஒட்டினர். இடையில் அடைபட்ட காற்று குளிரைத் தடுத்தது. ரப்பர்க் கிண்ணங்களால் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் மின்கம்பிச் சட்டங்கள் கடைகளில் விற்றன. எஞ்சினைச் சுற்றிவரும் சுடுநீரிலிருந்து வெப்பத்தை வாங்கி, அச்சூடான காற்றை முன்கண்ணாடியின் அடியிலிருந்து மேல்நோக்கி ஊதும் முறை நிலைத்தது. இன்றும் முன்கண்ணாடிக்கு அதுதான் பெருவழக்கு. ஆனால் எஞ்சின் முன்னால் இருக்கிறது. பின்கண்ணாடி கோடியில் இருக்கிறது. அமெரிக்கக் கார்கள் சிலவற்றில் பின்னிருக்கைக்கு மேலே ஒரு விசிறியை வைத்து ஊதினார்கள். கால்வாசி வேலை நடந்தது என்று சொல்லலாம்.

இரண்டாம் உலகப் போரில் விமானங்களின் கண்ணாடியில் உறையும் பனி உயிர்ப்பிரச்சினை ஆயிற்று. கண்ணாடியின்மேல் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியதாக வெள்ளீய ஆக்சைடைப் பூசி, அப்பூச்சின் வழியே மின்சாரம் செலுத்திச் சூடேற்றும் முறை அப்போது கைவந்தது. விமானத்துக்குக் கட்டுபடியாகும் செலவு குடும்பக் காருக்குக் கட்டாது.

இரண்டாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. அது டைனமோ. 1950-களின் நடுப்பகுதி வரை பெரும்பாலான அமெரிக்கக் கார்கள் 6 வோல்ட் மின்சாரத்தில் ஓடின. அதில் 144 வாட் பெறவேண்டுமானால் 24 ஆம்பியர் இழுக்க வேண்டும். 12 வோல்ட் கொண்ட சிறு கார்களின் டைனமோ கொடுத்ததோ சுமார் 250 வாட்தான். இரவில் முன்விளக்குகளுக்கும் துடைப்பானுக்கும் அது சரியாகப் போய்விடும். வண்டி மெதுவாக ஊர்கையில் அதுவும் கிடைக்காது. மூடுபனியில் வண்டி ஊரத்தானே செய்யும்! 1960-இல் கிரைஸ்லர் நிறுவனம் வேலியன்ட் என்னும் காரில் டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்நேட்டரை வைத்தது. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதும் போதிய மின்சாரம் தரக்கூடியது அது. பிற நிறுவனங்களும் தொடர்ந்தன. வீட்டில் அரிசி வந்த பிறகு உலை வைப்பதுபோல, மின்சாரம் வந்த பிறகு கண்ணாடிக்குச் சூடும் வந்தது.

பின்கண்ணாடிப் பனிநீக்கியை உருவாக்கியவர் என ஹைன்ஸ் குனெர்ட் என்னும் ஜெர்மானியரைக் குறிப்பிடுவர். கண்ணாடிக்குள் கம்பியைப் புதைப்பது செலவு மிக்கது. அதைவிட எளிய வழி அச்சுக்கலையிலிருந்து கிடைத்தது. வெள்ளித் தூளையும் கண்ணாடித் தூளையும் கலந்து குழம்பாக்கி, வலைத்துணியின் வழியே படம் அச்சிடுவதுபோலக் கண்ணாடியில் கோடுகளை அச்சிட்டார்கள். உடையும்போது கூரிய துண்டுகளாகச் சிதறாமலிருக்கப் பின்கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கித் திடீரெனக் குளிர்விக்கிறார்கள். அச்சிட்ட குழம்பிலுள்ள கண்ணாடித் தூள் அதே சூட்டில் உருகி, வெள்ளி கண்ணாடியோடு ஒட்டி வெந்துவிடுகிறது. ஒரு வேலைக்கு மூட்டிய அடுப்பில் இரண்டு வேலை முடிந்தது. அதனால் விலை இறங்கிற்று. சாதாரணக் காருக்கும் அது எட்டியது. முன்கண்ணாடி இருமடிப்பானது, இரு தகடுகளுக்கிடையே தலைமயிரிலும் மெல்லிய கம்பிகளை வைத்து அதையும் மின்சாரத்தால் சூடேற்றும் முறையை 1985-இல் ஃபோர்டு நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். 1957-இல் தொடங்கி 2014 வரை உத்தர்பாராவில் உருவான அம்பாசடர், சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற கார்கள்தாம் நம் மலைச் சாலைகளில் நெடுங்காலம் ஏறி இறங்கின. பின்கண்ணாடியில் கோடு போட்ட கார்கள் பெருகியது 1990-களுக்குப் பிறகு. அதுவரை நம் ஓட்டுநர்கள் என்ன செய்தார்கள்? சோப்பைத் தேய்த்துத் துடைத்தார்கள். வெட்டிய உருளைக்கிழங்கைத் தேய்த்தார்கள். புகையிலையைக் கசக்கித் தடவியவர்களும் உண்டு. இவற்றை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடலாகாது. கண்ணாடியை மறைப்பது நீர் அன்று. நீர் துளித்துளியாக நிற்பதுதான். ஒவ்வொரு துளியும் ஒளியைக் கண்டபடி சிதறடிக்கிறது. சோப்பு படிந்த பரப்பில் நீர் துளியாக நிற்கமாட்டாமல் ஒரே மெல்லிய படலமாகப் பரவிவிடும்; படலத்தின் வழியே பார்வை செல்லும்.

பஸ்ஸிலும் லாரியிலும் வேறொரு பனிநீக்கி இருந்தது. அது மனிதக் கண். வளைவில் வண்டி பின்வாங்கும்போது பஸ் கண்டக்டர் பின்படியில் நின்று விசில் கொடுப்பார். லாரியில் கிளீனர் பையன் குதித்து இறங்கி, "வரலாம், வரலாம்" என்று குரல் கொடுத்தபடியே சக்கரத்தின் பின்னே கட்டையோடு ஓடுவான். மூடுபனியில் பின்வாங்கும் பெரிய வண்டிக்கும் பள்ளத்துக்கும் நடுவே நிற்கிற அந்தப் பையனின் ஆபத்தைப் பற்றி எவரும் வரலாறு எழுதவில்லை. வண்டியில் உயிர்களைக் காத்த கருவிகளின் பட்டியலில் அவனுக்கும் இடம் உண்டு என்பது என் கருத்து.

ஏற்காட்டில் நமக்குத் தொல்லை தருவது பெரும்பாலும் நீர்ப்பனியே. உதகையில்தான் தை மாத விடியலில் கண்ணாடி வெளிப்புறத்தில் பனிக்கட்டிச் சருகு படிந்திருக்கும். ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க 334 ஜூல் போதும். அதே ஒரு கிராம் நீரை ஆவியாக்க ஏறக்குறைய 2,450 ஜூல் வேண்டும். ஆகவே உருகியதும் துடைத்துவிடுவதே சிக்கனம். அது ஆவியாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அவசரக்காரர்கள் கொதிநீரை ஊற்றுவதுண்டு. திடீர்ச் சூட்டில் கண்ணாடி விரிசல் விட்டால், மிச்சப்பட்ட ஐந்து நிமிடத்துக்குப் புதுக் கண்ணாடி விலை கொடுக்க வேண்டிவரும்.

ஏற்காட்டிலிருந்து இறங்குபவர்களுக்கு இன்னொரு வேடிக்கை காத்திருக்கிறது. மேலே குளிர்ந்துபோன கண்ணாடி, அல்லது உள்ளே குளிர்சாதனம் கடுமையாக ஓடும் காரின் கண்ணாடி, மழை பெய்து ஓய்ந்த சேலத்துக் காற்றைச் சந்திக்கும்போது பனி வெளிப்புறத்தில் படிகிறது. உள்ளே எவ்வளவு துடைத்தாலும் போகாது. குளிர்நாட்டு நூல்களில் இதற்கு அதிக இடம் இல்லை. நம் சமவெளிக்காரர்களுக்கோ அடிக்கடி நேர்வது. அப்போது முன்கண்ணாடிக்குத் துடைப்பானை ஓட்டி, குளிர்ச்சியைக் குறைக்க வேண்டும். உட்புறம் மங்கும்போது அதே குளிர்சாதனம் நண்பன். ஏனெனில் அது காற்றிலுள்ள நீரைப் பிழிந்து வெளியே விடுகிறது. ஆக, பொத்தானைத் தொடுமுன் விரலால் கண்ணாடியைத் தொட்டு, ஈரம் எந்தப் பக்கம் என்று பார்ப்பதே முதல் வேலை. பொத்தான்களிலும் வேறுபாடு உண்டு: செவ்வகத்துக்குள் நெளியும் மூன்று அம்புகள் இருந்தால் அது பின்கண்ணாடிக்கு, விசிறிபோல மேலே அகன்ற வடிவம் இருந்தால் முன்கண்ணாடிக்கு.

இந்தக் கோடுகளுக்கு நம் நாட்டில் பெரும் பகைவன் குளிர் அன்று, ஒட்டுத்தாள். குலதெய்வத்தின் பெயர், குழந்தைகளின் பெயர், அபிமான நடிகரின் படம் என்று உட்புறத்தில் ஒட்டுகிறோம். சலித்தபின் பிளேடால் சுரண்டுகிறோம். வெள்ளிக் கோடு தாளோடு சேர்ந்து உரிந்துவிடுகிறது. எந்தக் கோடு இறந்தது என்பதை மங்கிய கண்ணாடியே காட்டிக்கொடுக்கும்: மற்ற கோடுகள் தெளிந்த பிறகும் ஒரு பட்டை மட்டும் வெளுத்து நிற்கும். அறுந்த இடத்தில் வெள்ளி கலந்த மின்கடத்து வண்ணத்தைப் புள்ளியாக வைத்து உலரவிட்டால் கோடு உயிர்பெறும். எளிய வேலைதான்; ஆனால் அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்க நல்ல கண்ணும் ஒரு வோல்ட்மானியும் வேண்டும்.

வானொலியில் பேசுகிற நான் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. பல கார்களில் இதே வெள்ளிக் கோடுகள் வானொலி அலைகளைப் பிடிக்கும் ஏரியலாகவும் வேலை செய்கின்றன. சூடேற்றும் மின்சாரம் ஒலிப்பெட்டிக்குள் புகுந்து இரையாதபடி நடுவில் கம்பிச் சுருள்கள் காவல் நிற்கின்றன. கூரைமேல் நீண்ட கம்பி இல்லாத காரிலும் ஒலிபரப்பு தெளிவாகக் கேட்கிறதென்றால், பின்னால் திரும்பிக் கண்ணாடியைப் பாருங்கள்.